இருபத்தொன்பது யூனிட்

பாஞ்சாலி 1955ஆம் ஆண்டு கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மூன்றாவது மகளாகப் பிறந்தாள். 1979 ஜூன் மாதம் முனியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூர் ஆடுகோடிக்கு வந்தாள். ஒரு மகன், கிரண். ஒரு மகள், ஷில்பா. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பிசிறு வெட்டும் வேலை. அக்கம்பக்கத்தில் யாரோடும் சண்டை கிடையாது. குழாயடியில்கூட அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் இரண்டு வருடம் ஒரு பெண்ணை நினைத்து வயிறெரிந்தாள். அதுவரை அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை.

முனியப்பன் மின்வாரியத்தில் மீட்டர் ரீடர். 1994 ஜூனில் அவனுக்குப் பிரேசர் டவுன் பகுதியை ஒதுக்கினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மீட்டரைப் பார்த்து, லெட்ஜரிலும் மீட்டர் பக்கத்தில் மாட்டியிருக்கும் அட்டையிலும் எழுதிவிட்டு வர வேண்டும். வருடக்கணக்கில் இதே வேலை செய்தவனுக்கு வீடுகள் யூனிட்டாகத்தான் மனதில் நிற்கும். வீட்டுக்காரர் பெயர் மறந்தாலும் யூனிட் மறக்காது.

அந்த டிசம்பரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"பாஞ்சாலி, பிரேசர் டவுன்ல பவுலினம்மான்னு ஒருத்தங்க. மூணு பேரு வீட்ல. எவ்ளோ யூனிட் தெரியுமா? முப்பத்தொண்ணு! இந்தக் குளிர்ல!"

"அப்படியா" என்றாள் பாஞ்சாலி.

"ஹீட்டர் கிடையாது, தண்ணி காய வைக்கற காயில் கிடையாது. மூணு பேரும் வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டுக்கினு சுத்துறாங்க. எல்லாம் அந்தம்மா கையால பின்னது. மொட்டைமாடியில கறுப்பு டிரம்ல தண்ணிய ரொப்பி வெய்யில்ல வச்சுடுது. சாயங்காலம் குளியல். இன்னா மூளை பாரு!"

அன்றைக்கு பாஞ்சாலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் மறுபடி "முப்பது" என்றான். பிப்ரவரியில் "முப்பத்தொண்ணு". அடுத்த வருடக் குளிர்காலத்திலும் அதே பல்லவி. சொல்லும்போது அவன் குரலில் ஒரு குழைவு வந்தது. பதினாறு வருடத்தில் தன்னைப் பற்றிப் பேசும்போது அந்தக் குழைவை அவள் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பான், அவ்வளவுதான்.

அவள் வீட்டு யூனிட்டும் அவளுக்குத் தெரியும். குளிர்காலத்தில் நூற்றுப் பதினெட்டு. வீட்டில் ஐந்து பேர்; ஐந்தாவது ஆள் அவள் தம்பி அய்யாவு, பட்டறையில் லேத் ஓட்டுபவன். காலையில் ஆளுக்கொரு பக்கெட் தண்ணீர், அதைச் சுடவைக்க ஒரு காயில். குளிர் காய அய்யாவு பட்டறையில் செய்துகொண்டு வந்த கம்பிச்சுருள் ஹீட்டர். அதைச் சுற்றித்தான் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

"அந்தம்மாவுக்கு வயசு என்ன இருக்கும்?" ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"எந்தம்மா?"

"அதான், உங்க முப்பத்தொண்ணு."

"அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும். ஏன்?"

"சும்மா."

அவள் நம்பவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரியைப் பற்றி ஒரு ஆண் அப்படிக் குழைவானா? 1996 நவம்பர் 25, திங்கட்கிழமை, ஃபேக்டரியில் அரைநாள் லீவு போட்டாள். சிவாஜி நகருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து பிரேசர் டவுனுக்கு நடந்தாள். சர்ச்சுக்குப் பின்தெரு, பச்சை கேட் என்று முனியப்பன் பேச்சுவாக்கில் சொன்னதை மனதில் முடிந்துவைத்திருந்தாள்.

பச்சை கேட்டுக்கு உள்ளே, வாசல்படியில் ஒரு பெண்மணி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கனத்த கண்ணாடி. முன்தலை நரைத்திருந்தது. மேலே ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்று, முழங்கைக்கு மேல் மடித்துவிட்டது. வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பாஞ்சாலிக்குப் பொறாமை அங்கேயே இன்னும் கூடியது. ஆள் அழகாக இருந்திருந்தால் ஆம்பளைப் புத்தி என்று இரண்டு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். இங்கே அவள் புருஷன் மயங்கியது முகத்துக்கு இல்லை. அந்தப் பெண் வீடு நடத்தும் விதத்துக்கு. அந்த விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பாஞ்சாலி இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அவன் வாயால், அந்தக் குழைவோடு, ஒரே ஒரு தடவை.

"யாரு வேணும்மா?" என்று பவுலினம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இல்லம்மா, வழி தவறிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பாஞ்சாலிக்குப் பின்னத் தெரியாது. குளிர் வந்தால் நடைபாதையில் கம்பளிக் கடை விரிக்கும் திபெத்காரர்களிடம் மூன்று ஸ்வெட்டர் எடுத்தாள். ஓசூர் ரோட்டில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் குவியலில் கிளறி இரண்டு. அதில் ஒன்றுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, அது அய்யாவுக்கு. டிசம்பர் 5ஆம் தேதி அவர்கள் வீட்டு மீட்டரில் ரீடிங் எடுத்தார்கள். 6ஆம் தேதி விடியற்காலை ஹீட்டரையும் காயிலையும் கோணிப்பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

"அக்கா, கை விறைக்குது. லேத்துல விரல் போயிடும்" என்றான் அய்யாவு.

"சட்டைக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல இதைப் போடு. காதுக்கு மப்ளர் கட்டு."

"ஒரு கை இங்க நிக்குது, ஒரு கை மைசூர் போவுது. இதைப் போட்டுக்கினு எப்படிக்கா வெளிய போறது?"

"வெளிய யாரு போகச் சொன்னா? வீட்டுக்குள்ளதான் போடணும்."

குளியல் மாலைக்குப் போனது. மாடியில் டிரம் ஏறியது. பவுலினம்மாவுடையது கறுப்பு என்பதால் பாஞ்சாலி தன் டிரம்முக்குப் பிடிவாதமாக நீலம் அடித்தாள். தண்ணீர் சூடாகவில்லை. நான்காம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பு அடித்தாள்.

முனியப்பன் இரண்டு நாள் முணுமுணுத்தான். பிறகு பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றில் புகுந்துகொண்டு பழகிவிட்டான். ஏன் இப்படி என்று கேட்கவில்லை. பாஞ்சாலியும் வாய் திறக்கவில்லை. அவனாகவே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

அதில்தான் ஒரு சங்கடம். மீட்டர் ரீடர் தன் வீட்டு மீட்டரைத் தானே எடுக்கக்கூடாது. அது வாரியத்து வழக்கம். ஆடுகோடி பகுதி இன்னொரு மீட்டர் ரீடர் ஹரிஷ்குமாருடையது. முனியப்பனோ நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டு மீட்டரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். பாஞ்சாலி மட்டும் தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள்.

1997 ஜனவரி 6, திங்கட்கிழமை ஹரிஷ்குமார் வந்தான். போன ரீடிங் 4216. இப்போது 4245. பாஞ்சாலி கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லியே. இங்கதான் இருந்தோம், அஞ்சு பேரும்."

அவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். அதன் ஈய முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுதிக்கொண்டு போனான். ஆபீசில் போய்ச் சொல்லுவான், முனியப்பன் மலர்ந்த முகத்தோடு வருவான் என்று பாஞ்சாலி அன்று பாயசம் வைத்தாள். முனியப்பன் வந்தான், சாப்பிட்டான், படுத்தான். ஒரு வார்த்தை இல்லை.

13ஆம் தேதி, போகியன்று, முகம் சுண்டிப்போய் வந்தான். கையில் ஒரு மெமோ.

"நம்ம மீட்டரை யாருனா தொட்டீங்களா? நீயா, உன் தம்பியா?"

"யாரும் தொடலியே. இன்னா ஆச்சு?"

"நூத்திப் பதினெட்டுல இருந்து இருபத்தொம்போது! ஹரிஷ் 'மீட்டர் ஸ்லோ, சந்தேகம்'னு எழுதிட்டான். வாரியத்துக்காரன் வீட்லயே கரண்ட் திருட்டுன்னு விசாரணை. மூணு நாள்ல விளக்கம் எழுதித் தரணும். தப்புன்னு ஆச்சுன்னா வேலை போச்சு பாஞ்சாலி."

"அந்த ஹரிஷ்குமாருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கூட வேலை செய்யறவன்தான?"

"எழுதலைன்னா நாளைக்கு அவன் வேலையும் சேர்ந்து போவும். அவன் இடத்துல நான் இருந்தாலும் அதான் எழுதியிருப்பேன்."

பாஞ்சாலி பரணைக் காட்டினாள். முனியப்பன் ஏறிப் பார்த்தான். கோணிப்பையை இறக்கி அவிழ்த்து, சுருளில் படிந்திருந்த தூசியை விரலால் தடவினான்.

மறுநாள் பொங்கல். பானை பொங்கியதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. முனியப்பன் கன்னடத்தில் விளக்கக் கடிதம் எழுதி முடித்திருந்தான். பாஞ்சாலிக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. ஷில்பாவைப் படித்துச் சொல்லச் சொன்னாள்.

ஷில்பா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். "பிரேசர் டவுன்ல பவுலின் அப்படின்றவங்க வீட்ல மூணு பேர் ஸ்வெட்டர் போட்டு முப்பத்தோரு யூனிட்ல குளிர்காலத்த ஓட்டுறாங்க. லெட்ஜர்ல பார்த்துக்கலாம். அதைப் பார்த்து நானும் என் வீட்ல அதே மாதிரி நடைமுறைப்படுத்தினேன்... இவ்ளோதாம்மா."

"யாரு? யாரு நடைமுறைப்படுத்துனது?"

முனியப்பன் நிமிரவில்லை. "ஆபீஸ் லெட்டர்னா அப்படித்தான் எழுதணும்."

"ரெண்டு நாள் முழுக்க 'குளிருது, குளிருது'ன்னு மொணமொணத்த ஆளு நடைமுறைப்படுத்துனாராம்! அந்தப் பொம்பளை பேரை எடுங்க. இது நான் பண்ணது."

"எடுத்தா யாரும் நம்பமாட்டாங்க. இன்னொரு வீட்ல இதே மாதிரி நடக்குதுன்னு காட்டுனாத்தான் நம்புவாங்க. அந்தம்மா கார்டுல மூணு வருஷக் கணக்கு இருக்குது. அது ஒண்ணுதான் நமக்கு ஆதாரம்."

பாஞ்சாலி அடுப்பங்கரைக்குப் போனாள். வந்தாள். மறுபடி போனாள். புருஷனின் பத்தொன்பது வருட வேலை அந்தப் பெண்ணின் முப்பத்தொன்றில் தொங்குகிறது. பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவான், அவ்வளவு கலங்கியிருந்தான். எடுத்துவிட்டு வேலை போனால் யார் போய் யாரிடம் கேட்பது?

"சரி. பேரு இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா 'என் பொண்டாட்டி பாஞ்சாலி நடைமுறைப்படுத்தினாள்'னு எழுதுங்க. அந்த வீட்ல மூணு பேரு, இந்த வீட்ல அஞ்சு பேருன்னு எழுதுங்க. அங்க முப்பத்தொண்ணு, இங்க இருபத்தொம்போதுன்னு பக்கத்துப் பக்கத்துல எழுதுங்க."

"விசாரணைக்கு எதுக்கு அதெல்லாம்?"

"எழுதுங்கன்றேன்ல? இல்லன்னா நானே ஆபீசுக்கு வந்து சொல்லுவேன்."

எழுதினான். ஷில்பா படித்துக் காட்ட, ஒவ்வொரு எண்ணையும் சரி என்று தலையாட்டிய பிறகுதான் உறையில் போட விட்டாள்.

17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அவர்கள் மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டரை மாட்டி சீல் வைத்தார்கள். ஏழு நாள் இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும். 21ஆம் தேதி காலை ஆறு பத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அசிஸ்டென்ட் இன்ஜினியர் வந்து கதவைத் தட்டினார். மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஐந்து பேரும் ஸ்வெட்டரில். கிரண் குரங்குக் குல்லாயில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அய்யாவு ஒரு கை தொங்க, ஒரு கை ஏற, மப்ளருக்குள்ளிருந்து வணக்கம் சொன்னான்.

"ஏனம்மா, இது மனெயா, ஊட்டியா?" என்றார் இன்ஜினியர்.

"வீடுதான் சார். ஊட்டில எத்தனை யூனிட்டுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் பாஞ்சாலி.

அவர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "ஓ, பவுலின்னு யாரோ சொல்லிக் கொடுத்தாங்களாமே? லெட்டர்ல பார்த்தேன்."

முனியப்பன் அவளைப் பார்த்தான். கண்ணில் கெஞ்சல்.

"ஆமா சார். அவங்களைப் பார்த்துத்தான்" என்றாள். "ஆனா அவங்க வீட்ல மூணு பேருதான் சார்."

24ஆம் தேதி இரண்டு மீட்டரையும் பார்த்தார்கள். இதிலும் 6.6, அதிலும் 6.6. "மீட்டர் சரியாக உள்ளது. குறைந்த உபயோகம் உண்மையானது" என்று எழுதி இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை முனியப்பன் வெயில் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்சோம்" என்றான். அதோடு சரி. அவள் எதிர்பார்த்தது அது இல்லை. இரண்டு வாரம் அவனோடு அளந்துதான் பேசினாள்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை, முனியப்பன் பிரேசர் டவுனிலிருந்து திரும்பினான். செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சிரிப்பு?"

"பவுலினம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த மாசம் முப்பத்திமூணு."

பாஞ்சாலி துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "உம்."

"நான் சொன்னேன். 'அம்மா, என் வூட்டுக்காரி உங்களைத் தாண்டிட்டா. அஞ்சு பேரு இருக்கற வூடு, இருபத்தொம்போதுல நிறுத்திட்டா. ரெண்டு மீட்டர் வச்சுப் பார்த்தாங்க, ஒரு புள்ளி மாறல. அவ மாதிரி வூடு நடத்த இந்தப் பெங்களூர்லயே ஆளு கிடையாதும்மா'ன்னேன்."

பாஞ்சாலி நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் விறைத்திருந்தது. அந்தக் குழைவு இருந்ததா என்று உறுதியாகத் தெரியவில்லை. "இன்னா சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னான். இருந்தது.

"அதுக்கு அது இன்னா சொல்லிச்சு?"

"பின்னிக்கினே இருந்துச்சு. ஊசிய மடியில வச்சுட்டு, 'அஞ்சு பேருக்கு இருபத்தொன்பதா? மீட்டரை நல்லா பார்த்தீங்களா?'ன்னு கேட்டுச்சு."

"அப்படியா கேட்டுச்சு?"

"ஆமா. அப்புறம் எங்க வூடு எந்தப் பக்கம்னு கேட்டுச்சு."

பாஞ்சாலி முறத்தைத் தள்ளிவைத்தாள். "கேக்கும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சிய யாரு பார்த்தா? நான் கார்டுல எழுதிக்கினு இருந்தேன்."

"அடுத்த மாசம் போறப்ப," என்றாள் பாஞ்சாலி, "நல்லா நின்னு, மூஞ்சியப் பார்த்துட்டு வாங்க."