நால்வரில் அடிக்குரல் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு, அவர் மெட்ராஸில் என்ன வேலை பார்த்தார் என்பது இன்றுவரை சரியாகத் தெரியாது. ஓட்டலில் இருந்தார் என்பார்கள் சிலர். சினிமாவில் ஏதோ எடுபிடி என்பார்கள் வேறு சிலர். "பாடப் போறேன்னு போனான், ஒண்ணும் தேறல" என்று எங்கள் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த மலரை அனுப்புகிறோம். துக்க வீட்டில் கோபம் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை. அண்ணன் பார்த்த வேலையை நாலு பேர் அறிய எழுதிவிட வேண்டும் என்றுதான் தங்கையாகிய நான் பேனாவை எடுத்தேன்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டு ஊர் எங்களுடையது. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. ஐயாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். எனக்கு விவரம் தெரியும் முன்பே ஆத்தா போய்விட்டார். எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது எல்லாம் அண்ணன்தான். அவர் போட்ட பின்னல் ஒருநாளும் நேராக வந்ததில்லை. அதைச் சொன்னால், "கோணலா இருந்தாத்தான் நீன்னு தூரத்துலேருந்தே தெரியும்" என்பார்.

இளவயதில் குரல் உடைந்தபோது அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்கு வரும் நாடகங்களில் ராஜபார்ட்டுக்கு உச்சக்குரல் வேண்டும். அண்ணனுக்கு அந்த ஆசையே இருந்ததில்லை. அன்னவாசலில் ஒரு நாடகத்துக்குப் பின்பாட்டுக்காரர் வராமல் போக, கூட்டத்தில் இருந்த அண்ணனைப் பிடித்து மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நாடகம் முடிந்ததும் ஆர்மோனியக்காரர், "தம்பி, ஒன் குரலு முன்னால நின்னு பாடுற குரலு இல்ல. ஆனா நீ பின்னால இருந்தா முன்னால பாடுறவன் தடுமாற மாட்டான்" என்றாராம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷத்தில் அவருடனேயே அண்ணன் மெட்ராஸுக்கு ரயிலேறினார். ஐயா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

அங்கே ஓட்டலில் மாவரைத்தது உண்மைதான். அது பசிக்கு. வேலை என்று அண்ணன் சொன்னது இசைத்தட்டுக் கம்பெனியில் பின்னணிக் குழுவில் பாடியதைத்தான். பெரிய பாடகர் ஓர் அடியைப் பாடி நிறுத்தினால், அதை வாங்கித் திருப்பிப் பாட ஆண்கள் நால்வர் பின்னால் நிற்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்களாம். கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். ஒருவர் இருமினாலும் பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற மூவரும் மேலே பாட, அண்ணன் அதே அடியைக் கீழ் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டு நிற்பார். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் பெரியவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே 'குழுவினர்' என்று பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அதற்குள் இருந்தவர் எங்கள் அண்ணன்.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது, ஊராட்சி ரேடியோவில் அவர் பாடிய முருகன் பாட்டு வந்தது. ஓடிப் போய் ஐயாவை நான்தான் இழுத்து வந்தேன். ஐயா ரேடியோப் பெட்டியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஒன் குரலு எதுடா?"

"நாலு பேரு பாடுறோம்ல ஐயா, அதுல நானும் ஒருத்தன்."

"அதாண்டா கேக்குறேன். அதுல நீ எது?"

"தனியாத் தெரிஞ்சா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க ஐயா. தெரியாமப் பாடுறதுதான் வேலை."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அதன்பிறகு யார் கேட்டாலும், "மெட்ராஸ்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பாடுகிறான் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அண்ணன் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒரு தட்டை வாங்கி வந்து, ஐயா படுக்கும் கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி கிடையாது.

ஆலங்குடியில் அண்ணியைப் பெண் பார்க்கப் போன கதை உறவுக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளை பாடுவாராமே, ஒரு பாட்டு ஆகட்டும் என்றார்கள். அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார். சத்தமே இல்லை. எல்லோரும் முகத்தை முகத்தைப் பார்த்தோம். பிறகு திடீரென்று நடுவிலிருந்து ஓர் அடியைப் பாடினார், மறுபடி மௌனம். பெரிய பாடகர் பாட வேண்டிய இடத்தை எல்லாம் விட்டுவிட்டுத் தன் பங்கை மட்டும், காத்திருந்து காத்திருந்து பாடிக்கொண்டிருக்கிறார்! வீடே சிரித்தது. அடுத்த மௌனத்தில் உள்ளறையிலிருந்து விட்டுப்போன அடியை யாரோ மெல்லப் பாடினார்கள். அது அண்ணி. கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

பிறகு வந்தது இருமல். சன்னல் சாத்திய அறையில், விசிறி இல்லாமல், பாட்டு முடியும்வரை இருமலை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே வந்து துண்டில் துப்பினால் ரத்தம். நீ வராதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "என்னால பாட்டு கெட்டுறக் கூடாது" என்று அவரே சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். காசநோய் சானடோரியத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நான் மாட்டுவண்டி பிடித்தால், வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டே வருவார். அந்தக் கேலிக்கு நடுவே மூச்சு வாங்கும். எனக்கு அழுகையை அடக்கத் தெரியாது, அவருக்கு இருமலை அடக்கத் தெரியும். கடைசி நாட்களில் பேச்சும் நின்றுவிட்டது. ஐயா அவர் கால்மாட்டில் உட்கார்ந்தே இருந்தார். தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஆயிரம் இருந்தது. ஒரு காலைப்பொழுதில் ஐயாவின் கை அவர் பாதத்தின்மேல் இருக்கும்போதே அண்ணன் அடங்கிவிட்டார்.

கருமாதியன்று மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வந்திறங்கினார்கள். மற்ற மூன்று குரல்கள் அவர்கள்தான். சாப்பாடு முடிந்ததும் அண்ணி என்னிடம் வந்து, "மாமா கட்டிலுக்கிட்ட இருக்குற தட்டுல ஒண்ண ஒரு தடவ போடச் சொல்லுங்களேன். புள்ள அவுக அப்பா பாட்டைக் கேக்கட்டும்" என்றார். கருமாதி வீட்டில் பாட்டா என்று பெரியப்பா சத்தம் போட்டார். "போடட்டும்" என்றார் ஐயா. ரைஸ்மில்காரர் வீட்டிலிருந்து கிராமபோன் வந்தது. அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துப் போட்டோம்.

பெரியவர் பாடினார், நால்வரும் திருப்பிப் பாடினார்கள். ஆனால் எது அண்ணன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணியாலும் சொல்ல முடியவில்லை. அண்ணன் தூக்கி வளர்த்த என்னாலும் முடியவில்லை. ஒரு மனிதர் இத்தனை வருஷம் பாடியிருக்கிறார், சொந்தப் பிள்ளைக்குக் காட்ட ஓர் அடிகூட இல்லையா?

"இதுல எங்கய்யா இருக்கான் எம் மவன்?" என்று வந்தவர்களைப் பார்த்துக் கேட்டார் ஐயா.

அவர்களில் மூத்தவர் ஆரோக்கியம். அவர் மற்ற இருவரையும் எழுப்பி, கம்பெனியில் நிற்பதுபோலவே வரிசையாக நிற்க வைத்தார். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டார்கள். பெரியவர் பாடும் இடங்களில் பேசாமல் இருந்து, தங்கள் பங்கை மட்டும் பாடினார்கள். சுருதி தப்பவில்லை, தாளம் தப்பவில்லை. இருந்தும் என்னவோபோல் இருந்தது. குரல்கள் மேலேயே அலைந்தன, உட்கார இடமில்லாத விருந்தாளிகளைப்போல. ஆரோக்கியம் பாதியில் நிறுத்தி, "இப்பப் போடுங்க பிளேட்ட" என்றார்.

போட்டோம். இந்தத் தடவை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த மூவருக்கும் அடியில், கிணற்றிலிருந்து வருவதுபோல், அசையாமல், அண்ணன். அண்ணி குழந்தையை இறுக்கிக்கொண்டு, "கேட்டியா, கேட்டியா?" என்றார். ஐயா எழுந்து பெட்டிக்கு அருகில் போய்க் குனிந்து நின்றார்.

"இந்தா... இந்தாதான் எம் மவன். கீழ நின்னு தாங்குறான் பாரு" என்றார்.

ஊரறிய அவர் மகனைப் பாட்டுக்காரனாக ஏற்றுக்கொண்டது அன்றுதான். கேட்டுக்கொள்ள மகன் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்த மருத்துவருக்கும், நோய்க்குப் பயந்து பலர் விலகியபோது எங்கள் வாசல் மிதித்து வந்த அக்கம்பக்கத்தாருக்கும், வண்டி தந்தவர்களுக்கும், கிராமபோன் தந்த ரைஸ்மில்காரருக்கும், ஆலங்குடிச் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனோடு பாடிய அந்த மூவரின் பெயர்கள் எந்தத் தட்டிலும் இல்லை. இங்கே போடுகிறேன்: ஆரோக்கியம், மஸ்தான், சிதம்பரம்.

இந்த மலரை அச்சிடுவது பற்றிப் பேசப் புதுக்கோட்டைக்குப் போனபோது ஐயாவும் கூட வந்தார். அட்டையில் பெயருக்கு மேலே என்ன போடுவது, விவசாயி என்று போடலாமா என்று அச்சகத்தார் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ஐயா சொன்னார்: "பாடகர்னு போடுங்க. பெரிய எழுத்தாப் போடுங்க, பொடி எழுத்து வேணாம்."