தன் சாவுக்குத் தானே போன யூலாலி

யூலாலி கலிஸ்ட் பதினெட்டு ஆண்டு சட்டசபையில் இருந்தவள். அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் எங்கள் மலையூர் மோர்ன் பப்பாவில் அடிக்க வருவார்கள். ஆனால் சாதிக்காய்க் கிட்டங்கியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள் நான். பல்லியைக் கண்டால் தென்னைமரத்தில் ஏறிவிடுவாள். ஏறியபின் உயரத்துக்குப் பயந்து அலறுவாள். இறக்க நாலு ஆண்கள் வேண்டும்.

அவள் முதன்முதலில் நின்றது, எங்கள் தீவில் எல்லாருக்கும் வாக்கு வந்த முதல் தேர்தலில். பிரசவ வலி கண்டவர்களைத் தூளியில் கட்டி மலையிறக்கும்போது அந்த மழைக்காலத்தில் மட்டும் இரண்டு பேர் வழியிலேயே போய்விட்டார்கள். மலைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்க யூலாலியை நிறுத்தினோம். எதிரே தோட்ட முதலாளி பெல்மர். மூன்று கூட்டம் போட்டோம். மூன்றிலும் அவள் வாய் திறந்ததும் பெல்மரின் ஆட்கள் தகரம் தட்டினார்கள். அவள் என்ன கேட்கிறாள் என்றே ஊருக்குத் தெரியவில்லை.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் பெல்மரின் ஆட்கள் காலிச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தோற்றவருக்குப் பொய்ச்சாவு எடுத்து ஆடுவது எங்கள் வழக்கம்தான், ஆனால் முடிவு தெரிந்தபிறகு. அதற்குமுன் எடுத்தால் பெட்டியில் பெயருள்ளவர் வருஷம் தாண்டமாட்டார் என்பார்கள். பெட்டியில் சுண்ணாம்பால் அவள் பெயர்.

யூலாலி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். விலகிவிட்டதாகப் போய்ச் சொல்லிவிடு, எனக்கு ரெண்டு பிள்ளைகள் என்று அழுதாள். பாட்டுச் சத்தம் நெருங்கியதும் ஜன்னல் இடுக்கில் பார்த்தாள்.

"எல்லாரும் தொப்பிய கழட்டிட்டாங்கடி."

"சவப்பெட்டின்னா கழட்டத்தானே செய்வாங்க."

"தகரம் எங்க?"

"பொணம் போறப்ப எவன்டி தட்டுவான்?"

அவள் கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பெட்டிக்குப் பின்னால், நெருங்கிய சொந்தம் நடக்கும் இடத்தில் போய் நின்றாள். தூக்கியவர்களின் கால் பின்னியது.

"நீ செத்தவ. வீட்டுக்குள்ள போ," என்றான் ஊர்வலத்தை நடத்திய டிக்சன்.

யூலாலிக்குப் பல் தந்தியடித்தது. "செத்தவளுக்கு என்னைவிட நெருங்கின சொந்தம் யாருடா? நட."

கல்லறை வாசலில் சொந்தக்காரர் இறந்தவரைப் பற்றிப் பேசுவார். முடிக்கும்வரை எவரும் குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டவன் வீட்டுக்குச் செத்தவர் குடிவந்துவிடுவார். யூலாலி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், விட்டால் விழுந்துவிடுவாள். செத்துப்போன யூலாலி என்ன ஆசைப்பட்டாள் என்று ஆரம்பித்தாள். தூளியில் இறந்த இருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள். வாரம் ஒருநாளாவது ஒரு நர்ஸ் வந்தால் போதுமென்றாள். கால்வழியே ஈரம் இறங்கியது. என் சால்வையால் மறைத்தேன். டிக்சன் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றான். அவன் கொழுந்திதான் அந்த இருவரில் ஒருத்தி.

நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள். சட்டசபையின் முதல் கூட்டத்துக்குத் தலைநகரம் போகும் காலையில் பஸ் படியில் ஏறாமல் என் கையை இறுக்கினாள்.

"அங்க பெட்டி இருக்காதேடி. நான் பேசறப்ப யாரு வாய மூடுவா?"

பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டேன்.