ஜெபதாஸ் ஆடிக்கொண்டு போகவில்லை

கோயிலை விட்டு ஆடிக்கொண்டே போனார் என்பது சுத்தப் பொய். குழாயடியில் குடம் நிரம்புகிறவரைக்கும் பேச ஏதாவது வேண்டும், அதற்கு ஜெபதாஸ் கிடைத்தார். சபையை ஏமாற்றினார் என்பதும் பொய்தான். ஏமாற்றுவதற்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா? அது தனக்கு இருப்பதாக அவரே ஒருநாளும் சொன்னதில்லை.

"பதினாறு வருஷம் நேட்டால்ல கரும்பு வெட்டினேன். மத்தவங்க பெட்டி பெட்டியா கொண்டாந்தாங்க. நான் ஒரு முட்டி வலியும் ஒரு பாட்டும் கொண்டாந்தேன். கப்பல்காரன் ரெண்டையும் தொட்டுக்கூடப் பாக்கல" என்பார்.

சித்தூர் மிஷன் கோயிலில் மணியடிக்கிற வேலை அவருக்கு. சின்ன வேலைதான். ஆனால் அவர் கயிற்றை இழுத்தால்தான் சபையை நடத்துகிற மூப்பர்களே சட்டை மாட்டுவார்கள். அந்தக் கயிறு ஒன்றுதான் அவருக்கு இருந்த மரியாதை.

பாட்டு வந்த கதை இதுதான். தென்னாப்பிரிக்காவில் அந்த நேட்டால் கரும்புத் தோட்டத்தில் அவருடைய குடிசைக்கு அடுத்த குடிசையில் ஆப்பிரிக்கக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், கண்ணை மூடிக்கொண்ட பாட்டு. ஜெபக்கூட்டம்தான் என்று ஜெபதாஸ் முடிவு கட்டிவிட்டார். நடுவில் சுற்றி வந்த பானையில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய வருஷம் அறுப்பின் பண்டிகையில், சபையார் விளைச்சலைப் பீடத்துக்கு எடுத்துப் போகும்போது பாடுகிற காணிக்கைப் பாட்டு அப்படி ஒரு இழுவை. காணிக்கைக்குக் கொண்டுவந்த சேவலே தூங்கிவிட்டது. மணிக்கயிற்றடியில் நின்ற ஜெபதாஸ் நேட்டால் மெட்டை முணுமுணுத்தார். உபதேசியார் நேசகுமார் காதில் அது விழுந்தது. மறுவருஷத்துக்குள் அதற்குத் தமிழில் அடிகள் கட்டிவிட்டார். அந்த மெட்டுக்கு நடக்கிற ஆசையில் சபையில் ஒருத்தியான கிருபாவதி ஒரே பூசணிக்காயை மூன்று தரம் எடுத்துக்கொண்டு வந்தாள். பங்காருபாளையம், கங்காதர நெல்லூர் சபைகளும் கேட்டு வாங்கிப் பாடின.

உலகச் சண்டை முடிந்த வருஷம், கடைத்தெருவில் நாகபூஷணத்தின் காப்பி ஓட்டலில் கிராமபோன் அதே மெட்டைப் பாடியது. கேட்டோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். இவரோ முட்டியை இழுத்துக்கொண்டு ஓடி, உபதேசியாரையும் கிருபாவதியையும் இன்னும் பத்துப் பேரையும் கூட்டி வந்து நிறுத்தினார்.

"நம்ம பாட்டு! தட்டுல ஏறிடுச்சு பாருங்க!"

நாகபூஷணம் சிரித்தார். "ஏமி சாமி, உங்க பாட்டா? இது டர்பன் சாராயக்கடைப் பாட்டு. இப்போ லண்டன்ல, அமெரிக்காவுல தொரையும் தொரைசானியும் கட்டிப் புடிச்சிக்கினு ஆடறாங்களாம். தட்டு வித்த மதராஸ்காரன் சொன்னான்."

"ஐயோ, மூணு தரம் போனேனே!" என்று கிருபாவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூப்பர்கள் கூடிப் பேசி, சாராயப் பாட்டென்று தெரிந்தேதான் சபைக்குள் கொண்டுவந்தார் என்று தீர்மானித்தார்கள். வரும் ஞாயிறு சபை நடுவே, 'தெரிந்தே செய்தேன், மன்னியுங்கள்' என்று சொன்னால் மணி அவரிடமே இருக்கும். இல்லையென்றால் வேறு ஆள்.

"ஒரே வார்த்தை, ஜெபதாஸ். சொல்லிட்டா அவங்க அடங்கிடுவாங்க" என்றார் சபைப் போதகர் ஜீவரத்தினம் ஐயர். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபதாஸ் மணியைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார். பிறகு பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் முட்டாள். வேணும்னா மூணு தரம் சொல்றேன், கிருபாவதி பூசணிக்காய் மாதிரி. ஆனா தெரிஞ்சே செஞ்சேன்னு எப்படிங்க சொல்றது? பதினாறு வருஷத்துல அந்த ஆப்பிரிக்கக்காரங்க பாஷையில நான் கத்துக்கினது சோறு, தண்ணி, வெட்டு, அவ்ளோதான். சாராயம்ன்ற வார்த்தைகூடத் தெரியாது. பொய் சொல்லிட்டு நான் மணியடிச்சா, எவன் நம்பி கோயிலுக்கு வருவான்?"

தன்னிடம் இருந்த கோயில் சாவியைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாகவே நடந்தார். வாசலில் மூன்று படி. மடங்காத முட்டியோடு ஒரு காலை நீளமாக வைத்தார், மறுகாலைச் சட்டென்று இழுத்தார், திரும்ப நீளமாக. சரியாக அந்தப் பாட்டின் தாளம்.

பின்னாலேயே எழுந்து வந்த மனைவி ஜெயசீலி அவர் கையைப் பிடித்தாள். "இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க, ஆடிக்கினு போறீங்க?"

"நான் எங்கடி ஆடறேன்?" என்றார் ஜெபதாஸ். "முட்டிதான் ஆடுது. அதுக்கும் ஒரு பாட்டுதான் தெரியும்."