நாலாவது பத்தியில் நான் எழுதியது

கட்டைவிரலில் ஒட்டிய மையை அக்கா தலைமுடியில்தான் துடைத்துக்கொள்வார். அதற்கென்றே மேசையில் ஒரு பழைய துணி வைத்திருந்தேன். அதைத் தொடவே மாட்டார். மை அட்டையில் விரலை அழுத்தி, நான் காட்டிய இடத்தில் பதித்த கையோடு, அது தானாகக் கொண்டைக்குப் போகும். தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த என் வக்கீல் அலுவலகத்தில் அவர் அப்படி எத்தனையோ தாள்களில் கைநாட்டு வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அக்கா என்று நான் கூப்பிட்ட அந்தக் கட்சிக்காரர் இருளர் பழங்குடி. கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஒரு கரட்டு மலையடியில் பதினெட்டுக் குடும்பங்களாக இருந்தார்கள். அவருடைய அண்ணன்தான் அவர்களுக்குத் தலைவர். ஆனால் அதிகாரிகளிடம் பேச வேண்டி வந்தால் தங்கையைத்தான் முன்னால் தள்ளுவார். கிழங்கும் மூலிகையும் தேனும் விறகும் அவர்களுக்கு அந்த மலையில்தான். கும்பிடுகிற கன்னியம்மாளும் அங்கேதான். அந்த மலையைக் கல்குவாரிக்குக் குத்தகை விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் வந்தார்கள். வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டேன். மலைமேல் அவர்களுக்கு உரிமை உண்டென்று முடிவானால், அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கல்லைப் பெயர்க்க முடியாது. இல்லையென்றால் மலை போய்விடும்.

அப்போது நான் பார்த்த வழக்குகளில் முக்கால்வாசி மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்து வீட்டுமனைத் தகராறுகள். அந்த மனுக்களில் எல்லாம் ஒரு வரி வரும்: மனுதாரர் மேற்படி இடத்தில் இடைவிடாமல் தொடர்ந்து குடியிருந்து வருகிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அக்காவின் பிரமாணப் பத்திரத்தில் நாலாவது பத்தியாக அதையே போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில், படித்துக் காட்டி, பொருள் புரிந்த பின் கைநாட்டு வைத்தார் என்று என் கையெழுத்தோடு ஒரு சான்று இருக்கும். படித்துக் காட்டவும் இல்லை. அன்றைக்கு வேறொரு வழக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இங்கே வையுங்க அக்கா என்றேன், வைத்தார்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை நாளில் அக்கா துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். குவாரிக்காரர்களின் வக்கீல் நல்ல மனிதர் மாதிரி, மிக மெதுவாகத்தான் கேட்டார். கல்யாணமானபோது குடிசை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று. அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"மொதல்ல பாறையாண்ட இருந்தோம். மாமியா செத்துச்சு, புளியமரத்தாண்ட போனோம். அப்புறம் எம் பெரிய பொண்ணு பாம்பு கடிச்சு பூட்டா, ஓடைக்கு அந்தாண்ட கட்டிக்கினோம். எங்க வூட்டுக்காரரு செத்தப்பதான் இப்ப கீற எடம். சாவு வுழுந்த வூட்ல நாங்க இருக்க மாட்டோம் சார்."

அவர் குடும்பத்துச் சாவுகள் அத்தனையும் அந்த அறைக்குள் வந்து போயின. வக்கீல் நாலாவது பத்தியை எடுத்து உரக்கப் படித்தார். அப்படியானால் இது பொய்யா அம்மா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அத நான் சொல்லலியே சார்" என்றார் அக்கா.

சாவு விழுந்தால் குடிசையை மாற்றிக்கொள்வது அவர்களுடைய வழக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாவு சாட்சி. எல்லா இடமும் அதே மலையைச் சுற்றித்தான். அதை எழுதியிருந்தால், தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்த மலையில்தான் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் போதும், எனக்குத் தெரிந்திருக்கும். வாக்குமூலம் பத்திரத்துக்கு முரணாக இருக்கிறது என்று மனுவைத் தள்ளினார்கள். மேல்முறையீட்டிலும் அதே பத்தியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இது தவறு. தவறு எல்லா வக்கீலுக்கும் நேரும் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. விசாரணை முடிந்து வராண்டாவுக்கு வந்தோம். பதினெட்டுக் குடும்பத்துக்காரர்களும் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னா சார் ஆச்சு என்று அண்ணன் கேட்டார். அக்கா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் பையை மாட்டிக்கொண்டே, "அக்கா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். நான் அதைத் திருத்தாமல் படியிறங்கிப் போனேன்.

வெடி வைக்க ஆரம்பித்ததும் அவர்களைக் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு தொகுப்பு வீட்டுக் காலனிக்கு அனுப்பிவிட்டார்கள். மலை ஜல்லியாகப் போனது. ஓஎம்ஆர் சாலையில் எந்தெந்தக் கட்டடத்தில் அது இருக்கிறதோ தெரியாது. இப்போது அங்கே பெரிய பள்ளம், அதில் பச்சையாகத் தண்ணீர். மேடவாக்கத்தில் நான் இருக்கும் அடுக்ககத்துக்குக் கோடையில் லாரித் தண்ணீர் வருகிறது. எங்கேயிருந்து பிடிக்கிறீர்கள் என்று டிரைவரிடம் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

போன மாதம் அந்தக் காலனிக்குப் போனேன். இத்தனை வருஷம் எதற்குத் தள்ளிப்போட்டேன் என்றால், வெட்கம்தான். அக்கா குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வா சார்" என்று வீட்டுக்கு அழைத்துப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். நாலாவது பத்தியை எழுதியது நான். படித்துக் காட்டாதது நான். நீங்கள் சொன்னது உண்மை, மலை போனது அதனால் இல்லை, என்னால்தான் என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இத எங்க அண்ணனாண்ட சொன்னியா சார்?"

இல்லை, அவரையும் இன்றைக்குப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அவன் பூட்டான் சார். ரெண்டு வருசம் ஆவுது. அந்த வராண்டாலேர்ந்து வந்தவன் சாவுற வரைக்கும் என்னாண்ட பேசல. கடசியா தண்ணி குட்த்தேன். யாரு குட்த்ததுன்னு பாத்தான். வாய மூடிக்கினான்."