பெட்டிக்குள் அடங்காத பலகை

அத்தான் வெட்டியிருந்தது நேராகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இரண்டு பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மெல்போர்னில் தன் கராஜில் இருக்கிற மின்வாளால், நட்டநடுவில், ஒரு சிலும்புகூட எழும்பாமல் அறுத்திருந்தார். அந்த நாலு துண்டையும் றப்பர் பட்டி போட்டுக் கட்டி, அக்காவின் சீலைகளுக்கு நடுவில் வைத்து, உலகத்தின் மற்றத் தொங்கலிலிருந்து ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் வரவேற்பறை வரைக்கும் கொண்டுவந்து, பெட்டியைத் திறந்து என் கையில் தந்தார்.

"இந்தா தம்பி, உன்ரை பலகை. பெட்டிக்குள்ளை அடங்கேல்லை. அதுதான் நடுவிலை வெட்டினனான். ஒட்டினால் சரிதானே."

அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று முருகனிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஒஸ்லோவுக்கு வந்து முதலில் துப்புரவு வேலை, பிறகு வீடுகளுக்குக் குசினி அலுமாரி பூட்டுகிற வேலை. மரத்தில் கை பழகியதால் ஒரு கிட்டார்ப் பட்டறையில் இடம் கிடைத்தது. பட்டறை ஒரு நோர்வேக்காரியுடையது. என்னைவிட வயதில் மூத்தவ, அதிகம் கதைக்கமாட்டா. எனக்குத் தந்தது திருத்த வேலை. வெடித்த கிட்டாரை ஒட்டுவது, தேய்ந்த கம்பிகளை மாற்றுவது, கம்பிகளைத் தாங்குகிற பாலம் கழன்றால் திரும்ப ஒட்டுவது. வருஷக்கணக்காக மற்றவர்கள் செய்த கிட்டார்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். போன கோடையில் ஒருநாள் அவ, இந்தக் குளிர்காலம் நீயே ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய், நன்றாக வந்தால் உள்ளே ஒட்டுகிற கடதாசியில் உன் பெயர் இருக்கும் என்றா. மரத்தை நான்தான் தேடி எடுக்கவேண்டும், முதுகும் பக்கங்களும் ஒரே மரத்திலிருந்து வரவேண்டும் என்றும் சொன்னா.

என் பெயர் எழுதிய கடதாசி. கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் நான் அலைந்தேன்.

அவுஸ்திரேலிய மரம் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பழைய ஆட்கள் விரும்பும் றோஸ்வுட்டை நாடு விட்டு நாடு கொண்டுபோக ஆயிரம் அனுமதி கேட்பார்கள். அவுஸ்திரேலியாவின் பிளாக்வுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயர்தான் கறுப்பு, மரம் தேன் கலந்த மண்ணிறம். நம்முடைய வேலமரத்தின் இனம். ஒருமுறை அந்த மரத்தில் செய்த கிட்டார் ஒன்று திருத்த வந்தது. வேலை முடிந்த பிறகும் அதைக் கொடுக்க மனமில்லாமல் இருந்தேன்.

தஸ்மானியாவில் ஒரு மரம் அரிகிற மனிதரைப் பிடித்தேன். என் உடைந்த ஆங்கிலத்தில் அவருக்குச் செய்தி எழுதுவேன். அவர் மெல்லியதாக அரிந்த பலகையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மறுகையால் தட்டி, அதைப் படம்பிடித்து அனுப்புவார். நான் ஹொல்ம்லியாவிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில் போனைக் காதோடு ஒட்டிவைத்து அந்தத் தட்டைக் கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சில பலகை கடதாசி மட்டையைத் தட்டினமாதிரி "டப்" என்று நின்றுவிடும். ஒன்று மட்டும் பூசைத் தட்டில் தட்டினமாதிரி இழுத்துக்கொண்டே போனது. புயலில் ஓடைக்கரையில் சரிந்த மரமாம். அதுதான் வேண்டும் என்று எழுதினேன். முதுகுக்கு இரண்டு பலகை, பக்கத்துக்கு நீளமாக இரண்டு. அவ்வளவுதான் அந்த மரத்தில் மிச்சம் இருந்தது.

விஜயதசமியன்று வேலையைத் தொடங்கவேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் வீட்டில் புது வேலை எதையும் அன்றுதான் தொடங்குவோம். மகளும் அன்றுதான் ஏடு தொடக்கினாள். தபாலில் வந்தால் நாள் பிந்தும். அந்த நேரம்தான் எங்கள் பெரியம்மாவின் பேத்திக்கு ஒஸ்லோவில் கலியாணம் வந்தது. மெல்போர்னிலிருந்து அக்காவும் அத்தானும் வருகிறார்கள். எங்கள் ஆட்கள் யாராவது விமானம் ஏறுகிறார்கள் என்றால் அது அவர்களுடைய பயணம் மட்டுமில்லை, நாலு வீட்டுப் பார்சலும் சேர்ந்து ஏறும். ஆள் வருகிறபோது தபாலுக்கு ஏன் கொடுப்பான் என்று நானும் அத்தான் வீட்டு முகவரியை மரக்காரருக்குக் கொடுத்தேன். நீளப் பலகை எண்பது சென்டிமீட்டருக்கு மேலே, பெட்டிக்குள் போகுமா என்று அத்தானிடம் போனில் கேட்டேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டார்தான்.

கிட்டாரின் பக்கம் ஒரே பலகையாக இருக்கவேண்டும். அதைத் தண்ணீரில் நனைத்து, சுடு குழாயில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைக்கவேண்டும். ஆக மோசமாக வளைகிற இடம் இடுப்பு. அத்தான் வெட்டியது அந்த இடுப்பில். ஒட்டிவிட்டு வளைத்தால் சூட்டில் ஒட்டு விட்டுவிடும். வளைத்த பிறகு ஒட்டினால் இடுப்பில் தழும்போடு ஒரு கிட்டார். அதற்குள் என் பெயரை ஒட்டுவதா?

இதில் ஒரு வார்த்தையையும் நான் அன்று சொல்லவில்லை. அக்காவின் புருஷன். எங்கள் அப்பா இல்லாத காலத்தில் எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர். என் மனைவி குசினிக்குள் என்னை இழுத்துக்கொண்டுபோய், கலியாண வீடு முடியுமட்டும் வாயைத் திறக்கவேண்டாம் என்றாள். நான் திறக்கவில்லை. எங்கள் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்தேன். ஸ்ட்ரோம்மன் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தானுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடந்தேன். அவருக்குக் குளிரும் என்று என் தடித்த ஜக்கெற்றையும் கொடுத்தேன். இரவு சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ என்று கேட்டேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் என் பல்லுக்கிடையில் அந்தப் பலகை இருந்தது.

அவர்கள் வந்த மறுநாளே துண்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பட்டறைக்காரி நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தா, பிரித்தா, திரும்பச் சேர்த்தா. யார் வெட்டியது என்று கேட்டா. என் அக்காவின் கணவர் என்றேன்.

"அவருக்கு உன்மேல் ஏதும் கோபமா?"

"இல்லை," என்றேன். "சரியான விருப்பம்."

அவ தன் வேலைக்குத் திரும்பிவிட்டா. எனக்குத்தான் அன்று முழுக்க அந்தக் கேள்வி குடைந்தது. எதிரி வெட்டியிருந்தால் எதிரி என்று ஏசியிருப்பேன். இது அன்பாக வெட்டியது. இதற்கு என்ன பெயர் சொல்லி ஏசுவது?

கலியாண மண்டபத்தில் இன்னும் மோசம். அத்தான் ஒவ்வொரு மேசையாகப் போய், மச்சானுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து மரம் கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னார். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் இருக்கிற ஒரு சித்தப்பா முறை உள்ளவர் என் தோளில் கையைப் போட்டு, "என்ன, கிட்டார் செய்யிறியாம்? வீணை எண்டாலும் சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கலாம். இதை வைச்சு ஆரைக் கூப்பிடப் போறாய்?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அவருடைய இரண்டு பெடியளும் கணினி வேலை. அவர்கள் செய்கிற வேலையை நான் ஒருநாளும் 'தட்டுகிற வேலை' என்று சொன்னதில்லை. நான் செய்தால் மட்டும் அது வெறும் பலகை. சரஸ்வதிக்கு எந்த வாத்தியம் பிடிக்கும் என்று இவர்களிடம் வந்து சொன்னாவா? நரம்பு கட்டி, நாதம் வந்தால், அது அவவுடையதுதான். இதை அங்கே சொல்லியிருக்கவேண்டும். பாயாசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கோயிலிலும் அப்படித்தான். அத்தானோடு வீதி சுற்றினேன். அவர் முன்னால் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு போகிறார். நான் பின்னால், மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு போகிறேன். சுற்றி முடிய முருகனுக்கு முன்னால் நின்று, நான் கள்ளவேலை கேட்கவில்லை, களவெடுக்கக் கேட்கவில்லை, ஒரு நல்ல வேலை செய்யத்தானே கேட்டேன், அதற்கு ஏன் இப்படி என்று கேட்டேன். ஐயர் திருநீறு தந்தார். பூசிக்கொண்டு வந்தேன். கோபம் திருநீற்றுக்குக் கீழே அப்படியே இருந்தது.

விஜயதசமி காலை. பட்டறையில் விடுப்புக் கேட்டு, பின்னேரம் வந்து தொடங்குவதாகச் சொல்லியிருந்தேன். பியோர்ண்டாலிலிருந்து மனைவியின் தங்கை குடும்பமும் வந்திருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் உளி, சீவுளி, மகளின் புத்தகங்கள், பக்கத்தில் மஞ்சள் துண்டு விரித்து முதுகுப் பலகைகள் இரண்டு. வெட்டின நாலு துண்டையும் மனைவி பின்னால் தள்ளி வைத்திருந்தாள். அத்தான்தான் மூத்தவர் என்று கற்பூரம் காட்டினார். காட்டி முடிந்ததும், பின்னாலிருந்த துண்டுகளை எடுத்து முன்னுக்கு வைத்தார். பியோர்ண்டால் ஆட்களுக்குக் காட்டினார். பெட்டிக்குள் அடங்காத சாமானைத் தான் எப்படிப் புத்தியாகக் கொண்டுவந்தார் என்று சொல்லத் தொடங்கினார்.

நான் எழும்பிப் போனேன். அறையில் அவர்களுடைய பெரிய பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். சீலை, உடுப்பு, சத்துக் குளிசைப் போத்தல்கள் எல்லாம் கட்டிலில். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாமிக்கு முன்னால் விரித்தேன். சாமான் அறையில் பக்கப் பலகையின் அளவுக்கு நான் முன்பே அறுத்து வைத்திருந்த மாதிரிச் சட்டம் ஒன்று இருந்தது. அதையும் கொண்டுவந்தேன். நேராக வைத்தேன், அடங்கவில்லை.

"பாத்தியே, நான் சொன்னனானெல்லோ," என்றார் அத்தான்.

நான் சட்டத்தைத் திருப்பினேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இலகுவாகப் படுத்தது. பெட்டியை மூடி ஸிப்பை இழுத்தேன். முழுக்க இழுபட்டது.

மகள் நோர்வே மொழியில் என்னை அமைதியாக இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை.

"அத்தான், மூலைக்கு மூலை. ஒருக்காத் திருப்பிப் பாத்திருந்தால் காணும். இல்லாட்டி ஒரு போன். நான் மாதக்கணக்கா அந்த மரத்தைத் தேடினனான். இனி அது இல்லை. நீங்கள் பலகைதானே எண்டு வெட்டிப்போட்டியள்."

அத்தான் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

"அப்பிடிக் குறுக்காலை வைச்சால் கொக்காவின்ரை சீலையை எங்கை வைக்கிறது?"

அக்கா சிரித்துவிட்டாள். தன் கலியாணச் சீலையைக்கூடத் தன்னைக் கேட்காமல் மடித்து வைத்தவராம், உன் பலகைக்கா உன்னைக் கேட்பார் என்றாள். பியோர்ண்டால் ஆட்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அத்தானும் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். சாமி நாளில் மூத்தவரைப் பட்டினி போட்டுவிட்டாய் என்று மனைவி என்னோடு கோபித்தாள். அவர் பசி கிடந்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

முதுகுப் பலகை இரண்டையும் மஞ்சள் துண்டோடு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். பட்டறையில் அவற்றின் விளிம்பைச் சீவினேன். இரண்டையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு மயிர் வெளிச்சமும் வரக்கூடாது. வரவில்லை. பசை பூசி, கயிறு போட்டு இறுக்கினேன். விஜயதசமியன்று தொடங்கிவிட்டேன்.

பக்கத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு பிறகு வந்தது. தஸ்மானிய மனிதர் வேறு மரத்தின் பிளாக்வுட் தருவதாக எழுதினார். நிறம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கொஞ்சம் சாயம் பூசினால் தெரியாது என்றார். அந்தத் 'தெரியாது'தான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியுமே. பட்டறை மூலையில் நோர்வே பேர்ச் மரம் கிடந்தது. பால் வெள்ளை, உள்ளே நெளிநெளியாகக் கோடு. நான் அதைத் தூக்கி மேசையில் வைத்தேன். ஒரே மரம் இல்லை என்றால் இல்லைதான். அதை மூடி மறைக்க நான் தயாராக இல்லை. வித்தியாசம் தெருவில் போகிறவனுக்கும் தெரியட்டும். பட்டறைக்காரி வந்து பார்த்தா. தான் ஒரே மரம் என்று சொன்னது, நான் கிடைத்ததைப் பொறுக்கிச் செய்யக்கூடாது என்பதற்காகத்தானாம். இது பொறுக்கியது இல்லை, யோசித்து எடுத்தது என்றா. அவ்வளவுதான் அனுமதி.

குளிர்காலம் முழுக்கச் செய்தேன். வெள்ளை இடுப்பு உடையாமல் வளைந்தது. கம்பி பூட்டி முதல் தட்டுத் தட்டியபோது, ரயிலில் காதில் கேட்ட அந்த இழுவை முதுகில் அப்படியே இருந்தது. அவ கடதாசியை என்னிடம் தந்தா. என் பெயரைத் தமிழிலும் எழுதி உள்ளே ஒட்டினேன். ஒட்டுமுன் ஒரு சொட்டுச் சந்தனம் தொட்டு வைத்தேன்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அன்றே அத்தான் போன் எடுத்தார். அந்த விஜயதசமிக் காலைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. முதுகு நல்ல வடிவு, அது தான் கொண்டுவந்ததல்லவா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கம் ஏன் தம்பி வெள்ளையாக் கிடக்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் வெட்டினதாலை, அத்தான்," என்றேன்.

அவர், சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். ஓம் என்றேன். நீங்கள் சாப்பிட்டீர்களோ என்று நானும் கேட்டேன்.