கண்ணாடிக்குள் வாப்பாவின் கையெழுத்து

மாத்தளைக் கண்காட்சிக்கு வாப்பாவின் பழைய கிதாபைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். விகாரையின் ஓலைச்சுவடி, கோயில் வேல், தேவாலயத்து வெள்ளிக் கிண்ணம் எல்லாம் வந்திருக்கிறது, முஸ்லிம்களுடையது மட்டும் ஒன்றுமில்லை என்று அதிகாரி சொன்னதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய கையெழுத்துப் பிரதி அது. பெருமைக்கு ஆசைப்பட்டேன், வேறென்ன.

சிங்களம் மட்டும் தெரிந்த அந்த அதிகாரிக்குப் பிடித்துப்போனது கடைசித் தாள். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பூவேலை. இதைத்தான் விரித்து வைப்போம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் ஒருநாளும் அந்தத் தாள்வரை போனவனில்லை. அங்கேயே நின்று மனதுக்குள் வாசித்தேன்.

“எங்கள் குழந்தையை அடக்கிய கிழமையே, இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தாயை இழந்த பெண் குழந்தையை எடுத்து வந்தோம். என் மனைவி பாலூட்டினாள். இனி எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இவள் பால்குடிச் சகோதரி.” இப்படி எழுதி, கீழே ராத்தாவின் பெயரைப் போட்டிருந்தார் வாப்பா. ஒருத்தியிடம் பால் குடித்தவர்கள் தங்களுக்குள் மணமுடிக்க முடியாது, அதனால் பால் உறவை மறைக்கக் கூடாது என்பது மார்க்கம். அதற்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

ராத்தா எனக்கு ஒரே அக்கா. வாப்பாவின் மூக்கு தனக்குத்தான் வந்திருக்கிறது என்று எழுபது வயதிலும் என்னைச் சீண்டுகிறவள்.

அது ஒரு துஆ, பிரார்த்தனை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். மூன்று மொழிகளிலும் அப்படியே ஓர் அட்டையில் அச்சடித்து வைத்தார்கள். மறுநாளே போய்ப் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். கண்ணாடிப் பெட்டியைப் பூட்டியாயிற்று, கண்காட்சி முடியாமல் திறக்க முடியாது என்றார்கள். ராத்தாவிடம் வரவேண்டாம், கூட்டம், வெக்கை, உன் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வாப்பாவின் கிதாபைப் பார்க்காமல் இருப்பேனா என்று பலாபத்வலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

முதலில் அட்டையைப் படித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள். பிறகு எந்த துஆ என்று பார்க்கக் குனிந்தாள். தினமும் குர்ஆன் ஓதுகிறவள், அந்த எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடியின் மேல் அவள் விரல் வரிவரியாக நகர்ந்து கடைசி வரியில் நின்றது. மறுபடி மேலே போய்த் தொடங்கியது.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ என் பக்கம் திரும்பவேயில்லை.

“என்னப் பெத்தவட பேரு இதில இல்லயே, தம்பி,” என்றாள். கண்ணாடியில் விரலை வைத்தபடியே, “அடுத்த பக்கத்தில ஈக்குமா?” என்று கேட்டாள்.

அதுதான் கடைசித் தாள்.