பேட்டரி

குன்னூரில் நான் ரூம் கூட்டிய ஓட்டலில் அவர் வாட்ச்மேன். சிலோனிலிருந்து வந்தவர். ஒல்லியான ஆள், வெள்ளை மீசை. காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

கொரோனா வருடம், கொழும்பில் மாட்டிக்கொண்ட அவர் மனைவி சிறப்பு விமானத்தில் திரும்பினார். காய்ச்சல் இல்லை, சர்டிபிகேட்டும் இருந்தது. ஆனாலும் ஓட்டலுக்குள்ளேயே இருந்த அவர்கள் குடியிருப்புக்குப் போக முதலாளி கேட்டைத் திறக்கவிடவில்லை. அந்தம்மா ஏழு நாள் மழையில் பஸ் ஸ்டாப்பில் கிடந்தார். அங்கே பிடித்த இருமலோடே போய்ச் சேர்ந்தார்.

மறு வருடம் வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வருவார்கள் என்று பேச்சு. ஓட்டலைப் பார்க்க லண்டன் டூர் கம்பெனி ஆட்களை முதலாளியே அழைத்து வந்தார். வாட்ச்மேன் கருவியை முதலாளி நெற்றிக்கு நீட்டினார்.

"நூத்திரெண்டு காட்டுதுங்க தொரை. உள்ள விட முடியாதுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. கேட்டைத் தொற."

"எங்க ஊட்டுக்காரிக்கும் ஒண்ணுமில்லீங்க."

லண்டன்காரர்கள் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பச் சொன்னார்கள். முதலாளி மழையில் நின்றார்.

வாட்ச்மேனுக்கு அன்றே வேலை போயிற்று. வெளிநாட்டு ஆட்கள் வராததால் பிறகு எனக்கும் போயிற்று. வேலை போன அன்று கிளம்பும்போது வாட்ச்மேன் கருவியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பேட்டரியே இல்லை.

நான் முதலாளியிடம் சொல்லவில்லை.